பிளாக்கரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு: பழைய லிங்க் உடையாமல் இடம் மாறுவது

பிளாக்கரில் பத்துப் பதினைந்து வருடம் எழுதிய வலைப்பூவை சொந்த டொமைனில் வேர்ட்பிரஸுக்குக் கொண்டுபோவது எப்படி என்று தேடினால், இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் ஒரே வைத்தியத்தைச் சொல்கின்றன. இறக்குமதி செய், பெர்மாலிங்க்கை (பதிவின் நிலையான முகவரி அமைப்பை) பிளாக்கர் மாதிரியே அமை, வேலை முடிந்தது. ஆங்கிலத் தலைப்புள்ள வலைப்பூவுக்கு இது ஏறக்குறைய சரி. தமிழ்த் தலைப்புள்ள வலைப்பூவில் இதே வைத்தியம் பாதிப் பதிவுகளைத் தொலைத்துவிடும். அதைவிட மோசம், சில பழைய லிங்க்குகளை சத்தமில்லாமல் வேறு பதிவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஏன் அப்படி ஆகிறது, எங்கே கை வைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டிய பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழிலேயே தந்திருக்கிறேன்.

முதலில் பிளாக்கர் முகவரி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஆண்டு, மாதம், ஸ்லக் (அந்தப் பதிவுக்கான பெயர்ப் பகுதி), கடைசியில் '.எச்டிஎம்எல்'. ஸ்லக் தலைப்பிலிருந்து வருகிறது, ஆனால் அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே நிற்கும். தலைப்பு முழுக்கத் தமிழ் என்றால் எல்லாம் உதிர்ந்துபோய் 'பிளாக்-போஸ்ட்' என்ற பொதுப்பெயர் விழும். அதே மாதத்தில் இன்னொரு தமிழ்த் தலைப்பு வந்தால் 'பிளாக்-போஸ்ட்_12' என்று அடிக்கோடும் எண்ணும் சேரும். '2012 உலகக் கோப்பை' மாதிரித் தலைப்புக்கு வெறும் '2012.எச்டிஎம்எல்' கிடைக்கும். முகவரியை நாமே அடிக்கும் வசதி 2012இல் வந்தது. அதற்குப் பிறகும் பலர் அதைத் தொட்டதே இல்லை. ஆகவே பழைய தமிழ் வலைப்பூவில் மாதத்துக்கு ஒரு '/2011/03/பிளாக்-போஸ்ட்.எச்டிஎம்எல்', '/2011/04/பிளாக்-போஸ்ட்.எச்டிஎம்எல்' என்று வரிசையாக நிற்கும். பிளாக்கருக்கு இது பிரச்சினையே இல்லை. அங்கே பெயர் அந்த மாதத்துக்குள் தனியாக இருந்தால் போதும்.

வேர்ட்பிரஸ் அப்படி இல்லை. அங்கே ஒரு ஸ்லக் பதிவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒருமுறைதான் வரலாம். பெர்மாலிங்க்கில் ஆண்டும் மாதமும் இருந்தாலும் இதே கணக்குதான். முதல் 'பிளாக்-போஸ்ட்' உள்ளே போய்விட்டால் அடுத்த மாதத்து 'பிளாக்-போஸ்ட்' தானாக 'பிளாக்-போஸ்ட்-2' ஆகும், அதற்கடுத்தது '-3'. முகவரி அமைப்பு அச்சு அசலாக பிளாக்கர் மாதிரியே இருக்கும், முகவரி மட்டும் வேறாக இருக்கும்.

பட்டியல் இல்லாமல் தொடங்க வேண்டாம்

பழைய முகவரிகளின் பட்டியல் கையில் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது. பதிவுகளின் முகவரியை பிளாக்கரின் சைட்மேப்பிலிருந்தோ (தளத்தின் முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பு) ஏற்றுமதிக் கோப்பிலிருந்தோ எடுத்துவிடலாம். ஆனால் வாசகர்கள் வந்து சேரும் முகவரிகள் பதிவு மட்டுமல்ல. லேபிள் பக்கங்கள் ('/சர்ச்/லேபிள்/' என்று தொடங்குபவை), தனிப் பக்கங்கள் ('/பி/' என்று தொடங்குபவை), மாதத் தொகுப்புகள், ஓடை முகவரி (புதிய பதிவுகளை வாசிப்பான் செயலிகளுக்குத் தரும் ஃபீட், '/ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/டீஃபால்ட்') எல்லாம் உண்டு. மாதத் தொகுப்புகளில் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது: '2008_05_01_ஆர்க்கைவ்.எச்டிஎம்எல்'. 2010க்கு முந்தைய வலைப்பூ என்றால் இதற்கு வெளியே எங்காவது லிங்க் இருக்க வாய்ப்பு அதிகம்.

நான்கு இடத்திலிருந்து திரட்டுவது வழக்கம். ஒன்று, சைட்மேப். இரண்டு, கூகுள் சர்ச் கன்சோல். பக்கங்கள் அறிக்கையும் லிங்க்ஸ் அறிக்கையும் இரண்டுமே வேண்டும். ஏற்றுமதியில் 1000 வரிக்கு மேல் வராது என்பதை நினைவில் வையுங்கள். மூன்று, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினின் சிடிஎக்ஸ் சேவை. ஒரு டொமைனின் கீழ் அவர்கள் சேமித்த எல்லா முகவரிகளையும் ஒரே உரைக் கோப்பாகத் தந்துவிடும், பதிவின் பெயரே மறந்துபோன பக்கங்கள்கூட அதில் அகப்படும். நான்கு, தமிழ் விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புத் தேடல் சிறப்புப் பக்கம். உங்கள் டொமைன் பெயரை அதில் போட்டால் எந்தெந்தக் கட்டுரையில் மேற்கோளாக இருக்கிறது என்று வரும். இந்த லிங்க்குகளை யாரும் வந்து திருத்தித் தர மாட்டார்கள், ஆனால் வருடக் கணக்கில் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருப்பவை இவைதான்.

எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் கொட்டுங்கள். முதல் நெடுவரிசையில் பழைய பாதை, டொமைன் இல்லாமல். அடுத்ததில் புதிய பாதை. மூன்றாவதில் என்ன செய்ய வேண்டும் என்ற குறியீடு: அப்படியே, 301 (நிரந்தரமாக இடம் மாறியது), 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது). வேண்டுமென்றே அழித்த பதிவுக்கு 410. அதை முகப்புக்குத் திருப்பிவிடுவது மரியாதை போலத் தோன்றும், ஆனால் கூகுள் அதைப் போலி 404 (பக்கம் இல்லை என்ற பதில்) ஆகத்தான் எண்ணிக்கொள்ளும். வாசகருக்கும் எரிச்சல்: ரசம் வைக்கும் முறை தேடி வந்தவர் முகப்பில் நின்று என்ன செய்வார்?

மாதம் ஏன் ஒன்று தள்ளிப்போகிறது

பட்டியல் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மாத எல்லைப் பதிவுகள். பிளாக்கரில் புதிய வலைப்பூவின் நேர மண்டலம் அமெரிக்க பசிபிக் நேரமாகவே இருக்கும். அதை மாற்றாமலே வருடக் கணக்கில் எழுதிய வலைப்பூக்கள் நிறைய. சென்னையில் 2012 மே 1 காலை 10 மணிக்கு வெளியிட்ட பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கோடை நேரத்தில் அது ஏப்ரல் 30 இரவு 9.30. பிளாக்கர் தந்த முகவரி '/2012/04/'. வேர்ட்பிரஸில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வைத்து இறக்குமதி செய்தால், அதே பதிவு '/2012/05/' ஆகிவிடும். ஜனவரி 1ஆம் தேதி வாழ்த்துப் பதிவு என்றால் ஆண்டே மாறும்.

ஏற்றுமதிக் கோப்பைத் திறந்து ஒரு பதிவின் வெளியீட்டு நேரத்தைப் பாருங்கள். நேரத்துக்குப் பின்னால் '-07:00' அல்லது '-08:00' என்று இருந்தால் பசிபிக். '+05:30' என்றால் கவலை இல்லை. பசிபிக்காக இருந்தால் சுலபமான வழி, இறக்குமதிக்கு முன்பே வேர்ட்பிரஸின் நேர மண்டலத்தை லாஸ் ஏஞ்சலஸ் என்று வைத்துவிடுவது. பதிவுகள் சேர்ந்தபின் கொல்கத்தாவுக்கு மாற்றிக்கொள்ளலாம், பதிவின் உள்ளூர் தேதியாக ஏற்கெனவே சேமித்ததை வேர்ட்பிரஸ் திருத்தாது. பதிவின் தலையில் தெரியும் தேதி சிலவற்றில் ஒரு நாள் பின்தங்கும். அது யாரையும் உறுத்தாது. இறக்குமதிக் கருவி நேரத்தை எப்படிக் கையாள்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும், அதனால் மாத எல்லையில் இருக்கும் இரண்டு மூன்று பதிவை மட்டும் முதலில் ஏற்றிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் ஏற்றுங்கள்.

நடுவில் தேதியைத் திருத்திய பதிவுகளும் இதே வகைதான். பிளாக்கரில் ஒருமுறை வெளியான பதிவின் தேதியை மாற்றினாலும் முகவரி பழைய மாதத்திலேயே நிற்கும். இவற்றுக்குத் தனித்தனி 301 தவிர வேறு வழியில்லை.

'பிளாக்-போஸ்ட்' சிக்கலை அவிழ்ப்பது

பெர்மாலிங்க் அமைப்பில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து '/%இயர்%/%மந்த்நம்%/%போஸ்ட்நேம்%.எச்டிஎம்எல்' என்று கொடுங்கள். கடைசியில் சாய்கோடு வேண்டாம். '.எச்டிஎம்எல்' பழைய பாணியாகத் தெரிகிறதே என்று அதை வெட்டுகிறவர்கள் உண்டு. அழகுக்காக ஆயிரம் முகவரியை மாற்றுவது எனக்கு ஒப்புதல் இல்லை. வாசகர் முகவரியின் வாலைப் பார்த்துக்கொண்டு பதிவு படிப்பதில்லை.

அடுத்து, இறக்குமதி ஆன பதிவுகளின் கஸ்டம் ஃபீல்டுகளில் (பதிவோடு சேமிக்கப்படும் கூடுதல் தகவல் புலங்கள்) 'பிளாக்கர்_பெர்மாலிங்க்' என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸின் பிளாக்கர் இறக்குமதிக் கருவி பழைய பாதையை அங்கேதான் வைக்கும். இந்த ஒரு புலம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பதிவு எண், இப்போதைய முகவரி, பழைய பாதை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரிதாளை நிரப்பிவிடலாம். இல்லாவிட்டால் தலைப்பையும் வெளியீட்டு நேரத்தையும் சேர்த்துத்தான் பொருத்த வேண்டும். தலைப்பை மட்டும் வைத்துப் பொருத்தாதீர்கள். 'பொங்கல் வாழ்த்துகள்' என்று வருடா வருடம் ஒரு பதிவு எல்லோரிடமும் இருக்கும்.

இனி இரண்டு வழி. ஒன்று, பழைய ஸ்லக்கையே எல்லாப் பதிவுக்கும் திரும்பக் கொடுப்பது. தரவுத்தளத்தில் நேரடியாக எழுதினால் ஒரே ஸ்லக் பல பதிவுக்கு இருக்கலாம், பெர்மாலிங்க்கில் ஆண்டும் மாதமும் இருப்பதால் சரியான பதிவுதான் திறக்கும். ஆனால் அந்தப் பதிவில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்த கணமே வேர்ட்பிரஸ் தன் விதிப்படி '-2' ஒட்டிவிடும். அதைத் தடுக்க 5.1 பதிப்பிலிருந்து 'ப்ரீ_டபிள்யூபி_யுனிக்_போஸ்ட்_ஸ்லக்' என்ற ஃபில்டர் (வேர்ட்பிரஸின் நடத்தையை நிரலால் மாற்ற உதவும் வசதி) இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் கூட இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

இரண்டாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு பதிவுக்கும் பொருளுள்ள புதிய ஸ்லக் கொடுத்துவிட்டு, பழைய ஸ்லக்கை '_டபிள்யூபி_ஓல்டு_ஸ்லக்' என்ற கஸ்டம் ஃபீல்டில் சேர்ப்பது. வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றும்போது வேர்ட்பிரஸ் தானாகவே பயன்படுத்தும் புலம் இது. 404 வரப்போகும் நேரத்தில் இந்தப் புலத்தில் தேடி, கிடைத்தால் 301 கொடுத்துப் புதிய முகவரிக்கு அனுப்பும். அந்தத் தேடலில் ஆண்டும் மாதமும் சேர்த்தே பார்க்கப்படுவதால், முப்பது பதிவுக்கு 'பிளாக்-போஸ்ட்' என்று இருந்தாலும் 2011 மார்ச் லிங்க் 2011 மார்ச் பதிவுக்கே போகும். பிளகின் எதுவும் வேண்டாம். தளத்தை நாளை வேறு ஹோஸ்டிங்குக்கு நகர்த்தினாலும் தரவுத்தளத்தோடு கூடவே வரும். '.எச்டிஎம்எல்' அமைப்பை விடாமல் வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும் என்பதையும் கவனியுங்கள். அமைப்பு மாறினால் பழைய பாதையிலிருந்து ஸ்லக்கைப் பிரித்தெடுக்கவே வேர்ட்பிரஸால் முடியாது. தனிப் பக்கங்களுக்கும் இந்த வசதி கிடையாது, பதிவுகளுக்கு மட்டும்தான்.

இதைச் செய்யும்போது கட்டாயம் அணைக்க வேண்டிய ஒன்று, வேர்ட்பிரஸின் ஊகம். முகவரி கிடைக்காவிட்டால் அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு ஸ்லக் ஏதாவது இருக்கிறதா என்று தேடி அதற்கு 301 கொடுத்துவிடும். 'பிளாக்-போஸ்ட்' என்று கேட்டால் அந்த மாதத்தில் 'பிளாக்-போஸ்ட்_12', 'பிளாக்-போஸ்ட்_27' எது முதலில் அகப்படுகிறதோ அதைக் காட்டும். லிங்க் உடையவில்லை என்று நாம் நிம்மதியாக இருப்போம், வாசகர் சம்பந்தமே இல்லாத பதிவைப் படித்துக்கொண்டிருப்பார். 5.5 பதிப்பிலிருந்து 'டூ_ரீடைரக்ட்_கெஸ்_404_பெர்மாலிங்க்' என்ற ஃபில்டரில் பொய் (ஃபால்ஸ்) என்ற மதிப்பைத் திருப்பி அனுப்பினால் ஊகம் நின்றுவிடும். நேர்மையான 404 கிடைத்தால்தான் நாம் திருத்த முடியும்.

கைபேசியிலிருந்து வரும் '?எம்=1'

இடம் மாறிய முதல் வாரத்தில், கணினியில் திறக்கும் லிங்க் கைபேசியில் திறக்கவில்லை என்று புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பிளாக்கர் கைபேசி வாசகருக்கு முகவரியின் பின்னால் '?எம்=1' என்று ஒட்டும். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பகிரப்பட்ட லிங்க்குகளில் பெரும்பகுதி இந்த வாலோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வேர்ட்பிரஸுக்கு 'எம்' என்பது வேறு பொருள். '?எம்=201205' என்றால் 2012 மே மாதத் தொகுப்பு. ஆகவே '?எம்=1' வந்தால் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டு, ஆண்டு 1இல் வந்த பதிவைத் தேடும். கிடைக்காது. பதிவு இருந்தும் 404.

அப்பாச்சி சர்வரில் எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு நிபந்தனையும் ஒரு விதியும் போதும். கேள்வி வரியில் 'எம்=0' அல்லது 'எம்=1' இருந்தால், கேள்விப் பகுதியைக் கழற்றிவிட்டு அதே பாதைக்கு 301. கழற்றுவதற்கு 'கியூஎஸ்டி' கொடியைச் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் அப்பாச்சி வாலைத் திரும்ப ஒட்டி முடிவில்லாமல் சுற்றவிடும். நிபந்தனையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 'எம்=1' மட்டுமே இருக்க வேண்டும் என்று இரு முனையையும் பூட்டிவிட்டால், ஃபேஸ்புக் தன் பங்குக்கு ஒட்டும் 'எஃப்பிகிளிட்' சேர்ந்த முகவரிகள் தப்பிவிடும். 'எம்=1' முடிந்ததும் வரி முடியலாம் அல்லது '&' வரலாம் என்று எழுதுங்கள். அதற்காக எதையும் பூட்டாமல் விட்டாலும் ஆபத்து, '?எம்=1'க்கும் '?எம்=199805'க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

இந்த விதிகள் எல்லாம் எச்டிஅக்சஸ் கோப்பில் 'பிகின் வேர்ட்பிரஸ்' என்ற குறிப்புக்கு மேலே இருக்க வேண்டும். அந்தக் குறிப்புக்குள் எழுதினால் பெர்மாலிங்க் அமைப்பை அடுத்த முறை சேமிக்கும்போது வேர்ட்பிரஸ் அழித்துத் திரும்ப எழுதிவிடும். கீழே எழுதினால் வேர்ட்பிரஸின் விதி முன்பே பிடித்துக்கொள்ளும், உங்கள் விதி வரை வராது.

தமிழ் ஸ்லக்கின் நீளக் கணக்கு

வேர்ட்பிரஸில் தலைப்பைத் தமிழில் அடித்து அப்படியே வெளியிட்டால் ஸ்லக் தமிழிலேயே இருக்கும். பார்க்க அழகு. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுங்கள்.

தமிழ் யூனிகோடு குறி ஒன்றுக்கு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் 'கோ' இரண்டு குறி, 'ள்' இரண்டு குறி. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறி, 45 இடம். வேர்ட்பிரஸ் ஸ்லக்கை இந்தச் சதவீத வடிவிலேயே சேமிக்கிறது, அந்தப் புலத்தின் நீளம் 200. கணக்குப் போட்டால் 22 குறியோடு தீர்ந்துவிடும்.

'எங்கள் ஊர் கோயில்கள் பாகம் 5' என்று ஒரு தொடர் பதிவு. எங்கள் 6, ஊர் 3, கோயில்கள் 9, ஆக 18 குறி, 162 இடம். மூன்று இடைவெளி சேர்த்து 165. மிச்சமிருக்கும் 35இல் மூன்று குறிதான் நுழையும். ஸ்லக் 'எங்கள்-ஊர்-கோயில்கள்-பாக' என்று அறுந்துவிடும். பாக எண் உள்ளே வரவே இல்லை. அடுத்த பாகத்துக்கும் இதே ஸ்லக்தான் வரும் என்பதால் '-2' ஒட்டும். இறக்குமதி புதியதிலிருந்து பழையதாக நடந்தால் 12ஆம் பாகம் வால் இல்லாமலும் முதல் பாகம் '-12' என்றும் நிற்கும்.

'கோ' விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, முகவரியில் வேறு வேறு. பழைய தட்டச்சு மென்பொருள்களில் அடித்தவற்றிலும் குறியாக்கம் மாற்றிக் கொண்டுவந்தவற்றிலும் இரண்டும் கலந்தே இருக்கும். 'ஔ' வரும் இடத்தில் பலர் ஒற்றைக் கொம்பும் 'ள'வும் அடித்திருப்பார்கள். 'ஸ்ரீ'யை எழுதவும் இரண்டு வழி உண்டு, ஒன்றில் 'ஸ', இன்னொன்றில் 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'. விரிதாளில் பழையதையும் புதியதையும் ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற யூனிகோடு சீர்வடிவத்துக்கு மாற்றுங்கள். கொம்பும் காலும் அதில் ஒன்றாகிவிடும். 'ள' போட்டதும் 'ஸ்ரீ'யும் ஆகாது, அவற்றைக் கையால் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேர்டிலிருந்து ஒட்டிய தலைப்பில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இணைப்புக் குறிகளும் ஒளிந்திருக்கும்.

என் கட்சி, புதிய பதிவுகளுக்கு ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல் ஸ்லக். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக அரை திரையை அடைக்காது, அச்சிலும் போடலாம். 'ழ'வுக்கு எது, 'ற'வுக்கு எது என்று ஒருமுறை தீர்மானித்து எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஆனால் ஏற்கெனவே வெளியாகி நான்கு பேர் பகிர்ந்துவிட்ட தமிழ் ஸ்லக்கை இதற்காக மாற்றாதீர்கள். அறுந்த 'பாக'வாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

தமிழ் ஸ்லக்குக்கு ரீடைரக்ட் (திருப்பும் விதி) எழுதியே ஆக வேண்டும் என்றால்: அப்பாச்சியின் ரீரைட் விதி, சதவீத வடிவத்தைக் கழற்றிய பிறகுதான் முகவரியைப் பார்க்கும். எனவே இடப்பக்கம் தமிழை நேரடியாகவே எழுதுங்கள், கோப்பை யுடிஎஃப்-8 ஆக, பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் ஒட்டும் மறைகுறி) இல்லாமல் சேமியுங்கள். வலப்பக்கம் சதவீத வடிவத்தில் எழுதினால் ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு வேண்டும், 'என்இ' கொடியும் வேண்டும். மறந்தால் முகவரி இரண்டு முறை குறியாக்கம் ஆகி '%25' என்று தொடங்கும் குப்பையாக வரும். பதிவேட்டில் '%25' கண்ணில் பட்டால் காரணம் அநேகமாக இதுதான். என்ஜின்எக்ஸ் சர்வரில் மேப் வைத்துச் செய்வதானால் '$யுஆர்ஐ' மாறியை எடுங்கள், அதில் தமிழ் தமிழாகவே இருக்கும், கேள்வி வால் இருக்காது. நீளமான தமிழ் வரிகளால் மேப் ஹாஷ் பக்கெட் அளவு போதவில்லை என்று சர்வர் எழ மறுக்கும், அந்த எண்ணை 256 அல்லது 512 ஆக உயர்த்தினால் சரியாகும்.

பிளாக்ஸ்பாட் முகவரியை என்ன செய்வது

சொந்த டொமைனில் பிளாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம், டிஎன்எஸ்ஸை (டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்ற பதிவை) மாற்றினால் பழைய பாதைகள் எல்லாம் உங்கள் சர்வருக்கு வந்துவிடும். மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிடிஎல்லை (அந்தப் பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறையுங்கள். 'பிளாக்ஸ்பாட்.காம்' முகவரியில் மட்டும் இருந்தவர்களுக்கு சர்வர் கையில் இல்லை, 301 கொடுக்க முடியாது. பிளாக்கரில் இருக்கும் கஸ்டம் ரீடைரக்ட் வசதி அதே வலைப்பூவுக்குள் மட்டும்தான். பிளாக்கரில் புதிய டொமைனை இணைத்துவிட்டு அந்த டொமைனை வேர்ட்பிரஸுக்குத் திருப்பும் தந்திரம் ஒன்று சொல்வார்கள். செய்தால், இந்த வலைப்பூ பிளாக்கரில் இல்லை, தொடர வேண்டுமா என்று கேட்கும் எச்சரிக்கைப் பக்கம் வாசகர் முன்னால் வந்து நிற்கும். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

மிஞ்சுவது தீம் வழி. பழைய தீமின் தலைப் பகுதியில் கெனானிக்கல் குறிப்பை (மூல முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்வது) எடுத்துப் புதிய டொமைனுக்கு மாற்றி, இப்போதைய பாதையை எடுத்துப் புதிய டொமைனோடு சேர்த்துத் திருப்பும் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் போடுவது. பாதையை மாற்றாமல் வைத்திருந்தால் ஒரு வரி போதும் என்பதைக் கவனியுங்கள். புதிய தளத்தில் '.எச்டிஎம்எல்' வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். கைபேசித் தீமை தனியாக வைத்திருந்தால் '?எம்=1' வாசகருக்கு அந்த வரி போய்ச் சேராது, கைபேசிக்கும் அதே தீம் என்று அமையுங்கள். பழைய வலைப்பூவை அழிக்க வேண்டாம். படங்களும் அங்கே இருந்துதான் வந்துகொண்டிருக்கும், அவற்றை ஊடக நூலகத்துக்கு இறக்கும் வரை.

'பிளாக்ஸ்பாட்.இன்' தனிக் கதை. 2012 முதல் கூகுள், வாசகரின் நாட்டுக்கு ஏற்ப முகவரியைத் திருப்பியது. இந்தியாவில் '.இன்', சிங்கப்பூரில் '.எஸ்ஜி', கனடாவில் '.சிஏ'. 2018இல் இதை நிறுத்தி எல்லாவற்றையும் '.காம்' பக்கம் அனுப்பத் தொடங்கியது. 2020இல் 'பிளாக்ஸ்பாட்.இன்' டொமைன் கூகுளின் கையை விட்டே போய்விட்டது. அந்த ஆறு வருடத்தில் தமிழ்நாட்டிலிருந்து முகவரிப் பட்டையைப் பார்த்து நகலெடுத்த லிங்க் பெரும்பாலும் '.இன்'தான். வெளியே இருப்பவற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நம் சொந்தப் பதிவுகளுக்குள் நாமே கொடுத்த '.இன்' லிங்க்குகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவற்றைக் கட்டாயம் திருத்த வேண்டும். நண்பர்களின் வலைப்பூக்களுக்குக் கொடுத்தவையும் இதில் அடக்கம், '.காம்' என்று மாற்றினால் பல உயிர்பெறும்.

திருத்துவதற்கு, வேர்ட்பிரஸை முனையத்திலிருந்து இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளைதான் சரி. முதலில் 'டிரை-ரன்' (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எத்தனை இடம் என்று பாருங்கள். பிஎச்பிமைஅட்மினில் நேரடி எஸ்க்யூஎல் மாற்று வேலையில் இறங்காதீர்கள், வரியின் நீளத்தையும் சேர்த்துச் சேமித்திருக்கும் அமைப்புகள் நீளம் பொருந்தாமல் மொத்தமாக உடையும். 'ஜியுஐடி' (பதிவின் நிலையான அடையாளம்) நெடுவரிசையைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அதை மாற்றினால் ஓடை வாசிப்பான்களில் பழைய பதிவுகள் எல்லாம் புதிதாக வந்து குவியும்.

லேபிள் பக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடைவெளி உள்ள லேபிள்களால் ஒரே விதியில் முடியாது, இருபது முப்பது லேபிளுக்குக் கையால் வரி எழுதிவிடுங்கள். '/பி/' பக்கங்களுக்கும் அதே. ஓடை முகவரியைப் புதிய ஓடைக்குத் திருப்புவதை மறந்துவிடாதீர்கள், விசுவாசமான வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கருத்துரைகளுக்கு நேரடியாகக் கொடுத்த லிங்க்கில் '#'க்குப் பின்னால் இருப்பது சர்வருக்கே வராது. பதிவு திறந்தால் போதும் என்று விட்டுவிடலாம்.

வேர்ட்பிரஸ் இல்லாமல் ஹியூகோ, ஜெக்கில் என்று நிலைத்தளம் (தரவுத்தளம் இல்லாமல் வெறும் கோப்புகளால் ஆன தளம்) பக்கம் போகிறவர்களுக்கு 'பிளாக்-போஸ்ட்' தொல்லை கிடையாது, பாதையைக் கோப்பிலேயே எழுதிவிடலாம். ஹியூகோவில் 'யுஆர்எல்', பழையதற்கு 'அலையஸஸ்'. ஆனால் கிட்ஹப் பேஜஸ் 301 தராது, பூஜ்ய விநாடி மெட்டா ரிஃப்ரெஷ்தான் (பக்கமே பிரவுசரை வேறு முகவரிக்கு அனுப்புவது). கூகுள் அதை நிரந்தர மாற்றமாகவே எடுத்துக்கொள்கிறது.

சோதனை

முதல் நாளே 301 போடாதீர்கள். பிரவுசர் 301ஐ நினைவில் வைத்துக்கொள்ளும், தவறாகப் போட்டுவிட்டு சர்வரில் திருத்தினாலும் ஏற்கெனவே வந்துபோனவருக்குப் பழைய தவறே ஓடும். 302இல் (தற்காலிக மாற்றம்) வைத்துச் சோதித்து, பட்டியல் முழுக்கத் தேறியபின் 301 ஆக்குங்கள். பிரவுசரில் சோதிப்பதைவிட முனையத்தில் கர்ல் கட்டளை நம்பகமானது. பட்டியலின் ஒவ்வொரு வரியையும் அதற்குக் கொடுத்து மூன்று விவரம் வாங்குங்கள்: கடைசி நிலை எண் (பக்கம் திறந்தால் 200), எத்தனை தாவல் (ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பப்படுவது), கடைசியில் நின்ற முகவரி. 200 வந்துவிட்டது என்று திருப்தி அடையாமல், நின்ற முகவரி விரிதாளின் இரண்டாம் நெடுவரிசையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஊகம் செய்த குளறுபடி இந்த ஒப்பீட்டில்தான் வெளியே வரும்.

தாவல் ஒன்றாக இருக்க வேண்டும். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒன்று, 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' கழற்ற ஒன்று, '?எம்=1' கழற்ற ஒன்று, ஸ்லக் மாற ஒன்று என்று நான்கு சேர்ந்துவிடுவது சர்வசாதாரணம். முதல் மூன்றையும் ஒரே விதியில் முடிக்கலாம். கூகுள்பாட் பத்துத் தாவல் வரை பின்தொடரும், ஆனால் சுமாரான கைபேசி இணைப்பில் ஒவ்வொரு தாவலும் காத்திருப்புதான்.

ரீடைரக்டை எவ்வளவு காலம் வைப்பது? குறைந்தது ஒரு வருடம் என்கிறது கூகுள். விக்கிப்பீடியா மேற்கோளுக்கும் யாரோ எப்போதோ சேமித்த பிடிஎஃப்புக்கும் அந்தக் கணக்கு செல்லாது. எடுக்கவே எடுக்காதீர்கள், எடுப்பதால் மிச்சமாவது எதுவுமில்லை. வரிகள் ஆயிரத்தைத் தாண்டினால் மட்டும் எச்டிஅக்சஸிலிருந்து வெளியே கொண்டுபோங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்தக் கோப்பு முழுதாகப் படிக்கப்படும், ரீரைட்மேப் வசதி சர்வரின் முதன்மை அமைப்பில்தான் வேலை செய்யும், எச்டிஅக்சஸில் செய்யாது. பகிர்வு ஹோஸ்டிங்கில் அதற்கு அனுமதி இருக்காது என்பதால் ரீடைரக்‌ஷன் பிளகினுக்கு சிஎஸ்வி கோப்பாகக் கொடுத்துவிடலாம்.

அதே பிளகினின் 404 பதிவேட்டை முதல் மாதம் தினமும், பிறகு மாதம் ஒருமுறை பாருங்கள். முக்கால்வாசி குப்பையாக இருக்கும், இல்லாத பிளகினையும் லாகின் பக்கத்தையும் தேடித் துழாவும் ரோபோக்கள். ரெஃபரர் (வாசகர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற தகவல்) நிரம்பியிருக்கும் வரிகளை முதலில் வடிகட்டுங்கள். அடுத்தது, ஆண்டும் மாதமும் உள்ள பாதைகள், ரெஃபரர் காலியாக இருந்தாலும். வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர்கள் ரெஃபரர் இல்லாமல்தான் வருவார்கள்.